ஸ்பெயினில் ஒரு வாரப் பேச்சுத் தொண்டு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம்மவர் பழமொழி. படிப்பிருந்தும், தொழில் தெரிந்தும், பேச வாய் எழாமையால் பின்தங்கிப் போனவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்பெயின் நாட்டு மக்கள் ஆங்கிலத்தோடு நடத்தி வரும் போராட்டமும், அவர்களுக்கு உதவவெனப் பிற நாடுகளிலிருந்து செல்லும் தொண்டர்களின் பணியும் இவ்வகையில் அறிந்து கொள்ளத் தக்கவை. மருந்தோ, துணிமணியோ, பணமோ கொண்டு செல்லும் தொண்டு அன்று இது. ஒரு வார காலம் ஸ்பானியரோடு அமர்ந்தும் நடந்தும் ஆங்கிலத்தில் உரையாடுவதே முழு வேலையுமாகும். வகுப்பறை இல்லை, பாடப் புத்தகமில்லை, பரீட்சையுமில்லை.

ஐம்பது வயதை எட்டிய பொறியியலாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மட்ரிட் நகரில் ஒரு கம்பனியில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்தவர். ஆங்கில நூல்களைப் படித்து விளங்கிக் கொள்வார். அகராதியின் துணையோடு கடிதமும் எழுதுவார். அவருடைய கம்பனியை வெளிநாட்டு நிறுவனமொன்று வாங்கி விடுகிறது. அன்று முதல் கூட்டங்கள் யாவும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. திட்டத்தில் உள்ள பிழையைக் கண்டு கொண்டவர் அவர் ஒருவரே. ஆனால் வாக்கியத்தை மனத்துள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு விடயத்துக்குப் போய் விடுகிறது. இரண்டு மூன்று மாதம் இப்படிக் கழிந்தால், இளையவர்கள் அவரை விடயம் தெரியாதவர் என்றே எண்ணத் தொடங்கி விடுவர். பேச்சுத் தொண்டர்களைத் தேடி வருவோரில் இத்தகையவர்கள் பலர்.

ஏன் பேச வரவில்லை?

ஸ்பானியர் சோம்பேறிகள் என்றோ மந்தமானவர்கள் என்றோ இதற்குக் காரணம் சொல்வது தவறு. ஜெனரல் பிராங்கோவின் ஆட்சி 1939 முதல் 1975 வரை நீடித்தது. அக்காலத்தின் பெரும் பகுதியில் பள்ளிக்கூடங்களில் பிற மொழி என்றால் அது பெரும்பாலும் பிரெஞ்சாகவே இருந்தது. ஆங்கிலம் அதன் இடத்தைப் பிடித்தது அதன் பின்னரேயாம். 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது, வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆனால் அலுவலகங்களில் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்களோ பிரெஞ்சு படித்த தலைமுறையினர்.

திரைப்படமும் ஒரு காரணம். பிற நாட்டுப் படங்கள் ஸ்பானிய மொழியில் குரல் மாற்றப்பட்டே காட்டப்பட வேண்டும் என 1941இல் ஆணை பிறந்தது. ஆணை பின்னர் நீங்கிய போதும் பழக்கம் நீங்கவில்லை. ஆங்கில நடிகர்கள் எல்லாரும் திரையில் ஸ்பானிய மொழியே பேசினர். அயலிலுள்ள போர்த்துக்கலிலோ 1948இல் இதற்கு நேர்மாறான சட்டம் வந்து, படங்கள் மூல மொழியிலேயே, கீழே எழுத்துகளோடு காட்டப்பட்டன. போர்த்துக்கேயரின் காதுக்குச் சிறு வயது முதலே ஆங்கில ஓசை பழகி விட்டது. ஸ்பானியரின் காதுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இதன் விளைவு சாதாரணமானதன்று. 2013இல் ஸ்பெயினில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோருமான மக்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் வேலையற்றிருந்தனர். படித்த இளைஞர்கள் பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் புறப்பட்டனர். பிரித்தானிய வைத்தியசாலைகளுக்கு வந்த தாதியர் பலர். 2016 ஜனவரி முதல் ஐரோப்பியத் தாதியரும் தம் ஆங்கில அறிவை நிரூபிக்க வேண்டும் என்ற விதி வந்தது. கை தேர்ந்த தாதி ஒருவர், நோயாளியின் நிலையைத் தொலைபேசியில் வைத்தியருக்குச் சொல்லத் தடுமாறினால், அவருடைய திறமை அத்தனையும் அந்த நேரத்தில் பயனற்றுப் போய் விடும்.

கூச்சமும் ஒரு நோய் போலவே வேலை செய்கிறது. பேச எழும்போது நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், தெரிந்த சொல்லும் மறந்து போகும். பிறமொழி வகுப்பில் ஏற்படும் இந்த அச்சத்தை அளவிடுவதற்கு ஹோர்விற்ஸ் முதலிய மூவர் 1986இல் ஒரு கேள்விப் பட்டியலே வகுத்தனர். இலக்கணம் தெரியாமை வேறு, பேச அஞ்சுவது வேறு என்பது அறிஞர்கள் இன்று பொதுவாக ஒப்புக்கொண்ட விடயம். முன்னதற்கு மருந்து பாடம். பின்னதற்கு மருந்து, நகைக்காமல் கேட்கும் ஒரு மனிதர்.

ஆளில்லாத ஊரில் ஆங்கிலம்

ஸ்பெயினின் வட பகுதியில் சோரியா என்றொரு மாகாணம் உண்டு. பத்தாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் ஒரு இலட்சம் மக்கள் கூட இல்லை. சென்ற நூற்றாண்டில் மக்கள் பிழைப்புத் தேடி மட்ரிட், பார்சலோனா முதலிய நகரங்களுக்குப் போய்விட, கல் வீடுகளும் கோயில் மணியும் மட்டுமே எஞ்சிய ஊர்கள் அங்கு பல. இப்படி வெறுமையான பகுதிகளுக்கு ஸ்பானியர் ‘வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்றே பெயர் வைத்திருக்கின்றனர். 2019 மார்ச் 31ஆம் தேதி இவ்வூர்களின் மக்கள் மட்ரிட்டில் பெரும் ஊர்வலம் நடத்தித் தம் குறையை உலகறியச் செய்தனர். பிறந்த ஊரின் வீடுகள் பூட்டிக் கிடக்கும் செய்தியைக் கடிதத்தில் படித்துப் பெருமூச்சு விட்ட நம்மவர்களுக்கு இந்த வேதனையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சோரியாவில் ஆளின்றிப் பாழடைந்து, பின்னர் திருத்தப்பட்ட வால்தெலாவியா என்ற சிற்றூரில் 2001இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. ‘புவேப்லோ இங்கிளேஸ்’, அதாவது ‘ஆங்கில ஊர்’ என்ற திட்டம் அங்கு தொடங்கப்பட்டது. ஸ்பானியரும் அவர்களோடு ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆங்கிலம் பேசுவோரும் ஊருக்குள் அழைத்துச் செல்லப்பட்டனர். வாரம் முடியும் வரை ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பது கட்டளை. ஆங்கிலம் பயில இலண்டனுக்குப் போகும் செலவின்றி, இலண்டனையே ஸ்பெயினின் மலைக்குள் கொண்டு வந்து வைத்த மாதிரி இது அமைந்தது.

இம்முறை பின்னர் வேறிடங்களுக்கும் பரவியது. சலமங்கா மாகாணத்து மலையூரான லா அல்பேர்க்கா அவற்றுள் ஒன்று. கல்லும் மரச் சட்டமும் கொண்டு கட்டிய பழைய வீடுகள் கெடாதிருப்பதால் 1940இலேயே நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மட்ரிட்டில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்துப் பெயர் பெற்ற அமெரிக்கரான ரிச்சர்ட் வாகனின் நிறுவனமும், க்ரெடோஸ் மலைப் பகுதியில் ‘வாகன்டவுன்’ என்ற பெயரில் இதே போன்ற வாரங்களை நடத்தியது.

ஒரு நாளின் ஒழுங்கு

எல்லாரும் மட்ரிட்டில் கூடி ஒரே பஸ் வண்டியில் புறப்படுவது வழக்கம். பஸ் வண்டியிலேயே வேலை தொடங்கி விடும்; ஒவ்வொரு ஸ்பானியரின் பக்கத்திலும் ஒரு தொண்டர் அமர்த்தப்படுவார். ஊர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் எத்தனை, என்ன தொழில் என்ற கேள்விகள் தீர்ந்து போகும். அதன் பின்னர்தான் உண்மையான பேச்சுத் தொடங்கும்.

காலை ஒன்பது மணியளவில் சிற்றுண்டி. அதன் பின் இருவர் இருவராக ஏறக்குறைய ஒரு மணி நேரம் உரையாடல். மணி அடித்ததும் ஆள் மாறும். மழை இல்லையென்றால் பெரும்பாலோர் காட்டுப் பாதையில் நடந்தபடியே கதைப்பர். எதிரெதிரே அமர்ந்து முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவருக்கும், பக்கத்தில் நடக்கும்போது சொற்கள் தாமாக வந்து விடும். மதிய உணவு இரண்டு மணிக்கு. பின் சிறிது ஓய்வு. மாலையில் மீண்டும் உரையாடல், குழு விவாதம், சிறு நாடகம். இரவு உணவுக்கு ஒன்பது மணியாகி விடும். மாலை ஏழுக்கே உண்டு பழகியவர்கள் பையில் நாலு பிஸ்கோத்து வைத்திருப்பது புத்தி.

இவற்றுள் ஸ்பானியருக்கு மிகவும் கடினமானது தொலைபேசி உரையாடல். ஒருவர் ஓர் அறையிலிருந்தும் மற்றவர் வேறோர் அறையிலிருந்தும் பேச வேண்டும். முகபாவமில்லை, கை அசைவில்லை, குரல் மட்டுமே. முதல் நாள் தொலைபேசியை எடுக்கவே தயங்குபவர், வார இறுதியில் எல்லார் முன்னிலும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு சிற்றுரை ஆற்றுவதுண்டு. ஒரு வாரத்தில் இலக்கணம் வளர்ந்து விடுவதில்லை. பேசலாம் என்ற துணிவு வளர்ந்து விடுகிறது.

சாப்பாட்டு மேசையும் ஒரு பள்ளிக்கூடமே. உண்டு முடித்த பின்பும் எழாமல் அமர்ந்து நெடுநேரம் கதைக்கும் வழக்கம் ஸ்பானியரிடம் உண்டு. அதற்கு ‘சோப்ரேமேசா’ எனத் தனிப் பெயரே இருக்கிறது. திண்ணைப் பேச்சை விட்டு வந்து, இயந்திர வேகத்தில் உண்டெழும் நாட்டில் வாழும் நம்மவருக்கு அந்த மேசை மிகவும் பிடித்துப் போகும்.

நாவும் காதும்

தமிழ் அறிந்தவர்கள் இப்பணிக்குச் சில இயல்பான தகுதிகளோடு செல்கின்றனர் எனலாம். ஸ்பானியருக்கு ஆங்கிலத்தில் கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’ என்பதும் ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்பதும் ஒன்று போலவே கேட்கும். அவர்கள் மொழியில் உயிர் ஒலிகள் ஐந்தே. குறில் நெடில் என்ற பாகுபாடு கிடையாது. அரிச்சுவடியில் ‘இ’னாவுக்கும் ‘ஈ’யன்னாவுக்கும் வேறுபாடு கற்ற ஒருவர், அதை விரல் சொடுக்கி ஒரு மாத்திரை, இரு மாத்திரை என ஐந்து நிமிடத்தில் காட்டி விடலாம்.

ஸ்பானியர் ‘ஸ்கூல்’ என்பதை ‘எஸ்கூல்’ என்பர். நம்மவர் ‘இஸ்கூல்’ என்று சொல்லிப் பகிடிக்கு ஆளானது போலத்தான். சொல்லின் முதலில் ‘ஸ்’ என்ற மெய் தனித்து நிற்பதை இரு மொழிகளும் ஏற்பதில்லை; முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக் கொள்கின்றன. இது அறியாமையன்று, தாய்மொழியின் இயல்பு என்று எடுத்துச் சொன்னாலே பாதி வெட்கம் போய் விடும்.

மறுபுறம், தமிழின் ‘ர’கர ‘ற’கர வேறுபாட்டை ஒத்த ஒன்று அவர்கள் மொழியிலும் உண்டு. நாவை ஒருமுறை தட்டி ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’ என்று பொருள். நாவை உருட்டி ‘பெறோ’ என்றால் நாய். ஆங்கிலேயர் பலர் இதில் இடறுவர். தொண்டர் இதைச் சரியாகச் சொல்லிக் காட்டினால், கற்பவர் கற்பிப்பவர் என்ற வேறுபாடு மறைந்து இருவரும் நண்பராகி விடுவர்.

சில சொற்கள் பொல்லாதவை. ஸ்பானியர் ஒருவர் தமக்கு ஆங்கிலத்தில் மலச்சிக்கல் என்று பொருள்படும் சொல்லைக் கூறினால் உடனே பேதி மருந்தைத் தேட வேண்டாம். அவர்கள் மொழியில் ‘கொன்ஸ்திபாதோ’ என்றால் தடிமன் பிடித்திருக்கிறது என்பதே பொருள். அதுபோல, வெட்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கும் ‘எம்பராஸாதா’ என்பது கர்ப்பிணியைக் குறிக்கும். இவ்வகைச் சொற்களைப் பட்டியலிட்டுச் சிரித்து மகிழ்வதிலேயே ஒரு மணி நேரம் ஓடி விடும்.

நல்ல துணைவர் யார்?

மிகச் சரளமாகப் பேசுபவர் எல்லாரும் நல்ல துணைவர் ஆகி விடுவதில்லை. ஓயாமல் தாமே பேசுபவரால் பயனில்லை. ஸ்பானியர் வாக்கியத்தின் நடுவில் சொல்லைத் தேடி நிற்கும்போது அதை எடுத்துக் கொடுக்கத் துடிப்பது மனித இயல்பு. அந்தத் துடிப்பை அடக்கி, பத்து எண்ணும் வரை பொறுத்திருந்தால் சொல் பெரும்பாலும் வந்து விடும். தானே தேடி எடுத்த சொல் மறக்காது.

ஒவ்வொரு பிழையையும் திருத்தினால் பேச்சு நின்று விடும். “நேற்று நான் போகிறேன் சந்தைக்கு” என்ற பாங்கில் அவர் சொன்னால், “அப்படியா, நேற்றுச் சந்தைக்குப் போனீர்களா? என்ன வாங்கினீர்கள்?” என்று சரியான வடிவத்தைக் கேள்விக்குள் வைத்துத் திருப்பிக் கொடுப்பது நல்ல முறை. விளங்காத போது உரத்துச் சொல்வதில் பயனில்லை. அவருக்குக் காது கேட்கிறது. மெதுவாக, வேறு எளிய சொல்லில் சொல்ல வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்து விடும் கேள்விகளைத் தவிர்த்து, ‘எப்படி’, ‘ஏன்’ என்று கேட்க வேண்டும்.

நம்முடைய உச்சரிப்பு ஆங்கிலேயருடையது போல் இல்லையே என்று தயங்குவோர் உண்டு. இன்று உலகில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை விட, இரண்டாம் மொழியாகப் பேசுவோரே அதிகம். ஸ்பானியப் பொறியியலாளர் தொலைபேசியில் பேச வேண்டியவர் சென்னையிலோ, ரொட்டர்டாமிலோ, ஸ்கொட்லாந்திலோ இருக்கலாம். பல விதமான உச்சரிப்புகளைக் கேட்டுப் பழகுவது அவருக்கு நன்மையே. அன்றியும், முதன்முதல் இந்நாட்டுக்கு வந்து, கடையிலும் வைத்தியசாலையிலும் வாக்கியத்தை மனத்துள் ஒத்திகை பார்த்து நின்ற அனுபவம் உடையவர், எதிரே நிற்பவரின் திண்டாட்டத்தைச் சொல்லாமலே அறிவார்.

மரக்கறி உண்போருக்கு

மரக்கறி உணவு மட்டும் உண்போர் முன்னதாகவே எழுத்தில் தெரிவிப்பது அவசியம். ஸ்பெயினின் உட்பகுதியில் ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் பன்றித் தொடைத் துண்டோ மீனோ போட்ட உணவு வருவது உண்டு. அவற்றை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பருப்புக் கறி எனத் தோன்றுவதிலும் இறைச்சித் துண்டு கிடக்கலாம். லா அல்பேர்க்காவிலோ ஜூன் 13ஆம் தேதி ஒரு பன்றியை ஆசீர்வதித்துத் தெருவில் விடுவர். ஊரார் எல்லாரும் அதற்கு உணவிட்டு வளர்த்து, ஜனவரி 17ஆம் தேதி அந்தோனியார் திருநாளில் குலுக்கல் முறையில் ஒருவருக்குக் கொடுப்பர். உள்ளூர் வழக்கத்தை மதித்து, தம் வழக்கத்தையும் காத்துக் கொள்வதே முறை.

பசி கிடக்க வேண்டியதில்லை. தக்காளியை அரைத்துக் குளிர வைத்த கஸ்பாச்சோ, மரக்கறிகளை வதக்கிச் செய்யும் பிஸ்தோ, கொண்டைக் கடலை, பழவகை, நல்ல ரொட்டி ஆகியன கிடைக்கும். உருளைக்கிழங்குத் தோர்த்தியாவில் முட்டை உண்டு. மன்செகோ பாற்கட்டியை உறைய வைக்கப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பதால் கடும் விரதமுடையோர் அதைத் தவிர்க்க வேண்டும். பொரித்த பாத்ரோன் மிளகாய் கிடைத்தால் தவற விட வேண்டாம். பல சாதுவாக இருக்க, சில மட்டும் உறைக்கும்.

தொண்டா, பண்டமாற்றா?

ஒன்றை மறைக்காமல் சொல்வது நல்லது. இத்தகைய வாரங்களை நடத்துபவை பெரும்பாலும் வணிக நிறுவனங்கள். ஸ்பானியர், அல்லது அவர்களுடைய கம்பனிகள், கணிசமான கட்டணம் செலுத்துகின்றனர். தொண்டர்க்குச் சம்பளம் கிடையாது; தங்குமிடமும் உணவும் இலவசம். மட்ரிட் வரையிலான பிரயாணச் செலவும், வாரத்துக்கு முன்னும் பின்னும் நகரில் தங்கும் செலவும் அவருடையவை. நாள் முழுவதும் பேசிய களைப்பில், இது விடுமுறை அன்று, வேலை என்பது இரண்டாம் நாளே விளங்கி விடும்.

ஆகவே ஏழைக்கு உதவும் அறப்பணி என்ற எண்ணத்தோடு செல்வோர் ஏமாற்றம் அடையலாம். கொடுத்துப் பெறும் பண்டமாற்று என்று சொல்வதே பொருந்தும். ஆயினும், கட்டணம் யாருக்குப் போனாலும், எதிரே அமர்ந்திருப்பவரின் தேவை உண்மையானது. அந்த ஒரு மணி நேரப் பொறுமையை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்க முடியாது. தொண்டு என்ற சொல் இங்கே பொருந்துமானால் அந்த அளவில்தான் பொருந்தும்.

பட்டம் பெற்று, அடுத்தது என்ன என்று எண்ணியிருக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு வழியும் உண்டு. ஸ்பானிய அரசின் ஏற்பாட்டில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் உரையாடல் உதவியாளராகப் பணியாற்றலாம். வாரத்துக்கு 12 முதல் 16 மணி நேர வேலை. மாதந்தோறும் உதவித் தொகை உண்டு. மட்ரிட் மாநிலம் 2004இல் அரச பள்ளிகளில் இருமொழிக் கல்வியைத் தொடங்கிய பின் இத்தகைய உதவியாளர்களின் தேவை பெருகியது. பிரித்தானியாவில் உள்ளோருக்கான விண்ணப்பங்களை பிரிட்டிஷ் கவுன்சில் கவனிக்கிறது.

புறப்படுமுன்

நிறுவனத்தின் நிபந்தனைகளை எழுத்தில் பெற்றுக் கொள்க. உணவும் உறையுளும் தவிர எதற்கேனும் பணம் கேட்கிறார்களா, அறை தனி அறையா, உடல்நலம் குன்றினால் யார் பொறுப்பு என்பவற்றைக் கேட்டறிக. 2021 முதல் பிரித்தானியக் கடவுச்சீட்டு உடையோர் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்களே தங்கலாம்; தொண்டு வேலைக்கு விசா வேண்டுமா என்பதை ஸ்பானியத் தூதரகத்தில் கேட்டுக் கொள்வது பாதுகாப்பானது. அரச வைத்திய உதவிக்கான சுகாதார அட்டையோடு பிரயாணக் காப்புறுதியும் தேவை.

நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோர் மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். மலையூரில் மருந்துக் கடை தொலைவில் இருக்கலாம். இன்சுலின் ஏற்றிக் கொள்வோர், உணவு வேளைகள் பிந்துவதைத் தம் வைத்தியரோடு பேசி முன்கூட்டியே ஒழுங்கு செய்து கொள்ள வேண்டும். கல் பாவிய சரிவான தெருக்களுக்கு நல்ல சப்பாத்து வேண்டும். காது மந்தமானவர்கள் கேட்கும் கருவியைச் சரி பார்த்துச் செல்க; பலர் ஒரே நேரத்தில் பேசும் ஸ்பானிய மேசையில் அது மிகவும் தேவைப்படும். கோடையில் பகல் வெய்யில் கடுமை. அதே மலையில் இரவு குளிரும்.

இளைப்பாறிய பின் தம் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று குறைப்படும் அங்கத்தவர்கள் சிலர் உளர். பேச அஞ்சும் ஒருவருக்கு ஒரு வாரம் காது கொடுத்தால், தமக்கும் கேட்போர் கிடைத்து விடுவர். உடல் இடம் கொடுப்போர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பிரயாணம் இயலாதோர், அடுத்த தெருவில் புதிதாக வந்து குடியேறி, ஆங்கிலம் பேசத் தயங்கிக் கதவுக்குள்ளேயே இருக்கும் குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினாலும் அது இதே பணிதான்.